இடுப்புக்குப் போன கை

ஸ்காபரோ
தொண்ணூற்றெட்டு, ஐப்பசி

அன்புள்ள தம்பி,

நீ கேட்ட பேப்பர் இந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருக்கிறது. மடங்காமல் இருக்க மட்டை வைத்து அனுப்பியிருக்கிறேன். உன் கெட்டித்தனம் எனக்குத் தெரியாததல்ல. பேப்பரை உருவி எடுத்துக்கொண்டு, கடிதத்தைப் பிறகு வாசிப்போம் என்று மேசையில் எறிந்துவிடுவாய். பள்ளிக்கூட றிப்போட்டையே நான் கேட்கும்வரை பைக்குள் வைத்திருந்தவன் நீ. இந்த ஒருமுறை அப்படிச் செய்யாதே. உட்கார்ந்து முழுவதும் வாசி. வாசித்த பிறகு அந்தப் பேப்பரை என்ன செய்வது என்று நீயே முடிவெடு. அது நீ நான்கு வருடம் உழைத்துப் பெற்றது, அதைப் பிடித்து வைத்திருக்க எனக்கு உரிமையில்லை.

இரண்டு ஞாயிறுகளுக்கு முன் நீ புளோரிடாவிலிருந்து தொலைபேசியில் பேசியபோது உன் குரலில் நல்ல உற்சாகம். "அப்பா, பேஸ்மென்ரில என்ரை பெட்டிக்குள்ள ஒரு பிறவுண் என்வலப் கிடக்கு. ஆமியில இருந்து விட்ட பேப்பர். அதை அனுப்பி விடுங்கோ" என்றாய். எதற்கு என்று கேட்டேன். "இங்க லைசென்ஸ் எடுத்தா பிஸ்டல் துவக்கைச் சட்டைக்குள்ள வைச்சுக்கொண்டு திரியலாம். மற்றாக்கள் அதுக்கு கிளாஸ் எடுக்கோணும். எனக்குத் தேவையில்லை. ஆமி பேப்பரைக் காட்டினாக் காணும்" என்றாய். உனக்குத் துவக்கு எதற்கு என்றேன். பிறகு சொன்னாய்: "தாஸ் அங்கிளுக்கு நடந்தது எனக்கு நடக்காது, அப்பா." அதற்குப் பிறகு மருமகள் சுபாவின் வயிறு, டொக்டர் சொன்ன நாள், ஆணா பெண்ணா என்று அம்மா கேட்ட கேள்வி எல்லாம் போனது. என் காதில் எதுவும் ஏறவில்லை. ரெலிபோனை வைத்த பிறகு உன் அம்மா, "பிள்ளை ஊர் தெரியாத இடத்தில தனிய இருக்குது, கேட்ட பேப்பரை அனுப்புங்கோவன்" என்றாள். அவளுக்கும் இதில் எதுவும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஏழு வருடமாக மறைத்து வைத்திருக்கிறேன், அதுவும் ஒரே வீட்டில், ஒரே கோப்பையில் சோறு சாப்பிடுகிறவளிடம்.

முதலில் என் சொந்தப் பேப்பரின் கதையைச் சொல்கிறேன். நானும் பத்து வருடம் இலங்கை ஆமியில் இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களும் சேர்ந்தார்கள், பத்தொன்பது வயதில் நானும் சேர்ந்தேன். தியத்தலாவையில் குளிரில் நடுங்கி நடுங்கிச் சுடப் பழகினேன். விட்டுவிட்டு யாழ்ப்பாணம் வந்து லொறிக் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, கொழும்புக்குப் போகிற காட்டுப்பாதைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ரிவோல்வர் லைசென்சுக்கு எழுதிப் போட்டேன். அரசாங்கக் கச்சேரியில் இருந்த கிளார்க் என் ஆமிப் பேப்பரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஆமியில இருந்தனீங்களோ? அப்ப உங்களிட்டை நாங்கள் என்னத்தைக் கேக்கிறது!" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துக்கு நீட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மற்றவர்கள் வரிசையில் நிற்க, நான் ராசா மாதிரி வெளியே வந்தேன். அவர் ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கலாம். நீ கோபக்காரனா என்று கேட்டிருக்கலாம். என் பெண்சாதியைக் கூப்பிட்டுக்கூடக் கேட்டிருக்கலாம், அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள்.

தம்பி, ஆமியில் நான் பழகியது வேறு. அங்கே துவக்கு எல்லோருக்கும் தெரிய என் கையில் இருந்தது. சுடு என்று சொல்ல ஒருவர் இருந்தார், நிறுத்து என்று சொல்லவும் அவரே இருந்தார். நான் அந்தக் குரலுக்குக் காத்திருந்து பழகியவன். சட்டைக்குள் மறைத்துக்கொண்டு தெருவில் இறங்கியபோது அந்த மனிதர் என்னோடு வரவில்லை. கை மட்டும் வந்தது. நீயும் நான்கு வருடம் அதே மாதிரிப் பழகிவிட்டுத்தான் வந்திருக்கிறாய், நான் சொல்வது உனக்கு விளங்கும்.

அந்த ரிவோல்வர் பன்னிரண்டு வருடம் என் வலது இடுப்பில் இருந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் எந்த வாக்குவாதத்திலும் தோற்கவில்லை. எடுத்துக் காட்டக்கூடத் தேவையில்லை, இடுப்பில் கை வைத்தால் போதும், எதிராளி அடங்கிவிடுவான். ஒரே ஒரு தடவை எடுத்தேன். கிளிநொச்சியில் ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் எங்கள் லொறி இன்னொரு லொறியின் பக்கவாட்டை உரசிவிட்டது. பிழை எங்களுடையது. அந்த லொறியின் றைவர் இறங்கி வந்து என் தாயைச் சேர்த்து ஏசினான். நான் ரிவோல்வரை எடுத்து அவன் வாய்க்குள் வைத்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே வாய்க்குள். அவன் முன்பல் ஒன்று உடைந்தது. இரும்பு பல்லில் பட்ட சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. அவன் உடுத்திருந்த சாரம் நனைந்தது. உதட்டிலிருந்து இரத்தம் வடிய வடிய, "ஐயா, நான்தான் பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றான். பிழை செய்தவன் நான், மன்னிப்புக் கேட்டவன் அவன். நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நல்லவன் மாதிரி எழுதினால் இந்தக் கடிதத்தால் பிரயோசனமில்லை.

பிறகு ஊரில் நிலைமை மாறியது. இயக்கப் பெடியன்கள் வீடு வீடாக வந்து லைசென்ஸ் துவக்குகளைச் சேர்த்தபோது என்னுடையதும் போனது. இரண்டு வருடத்தில் நாங்கள் இங்கே வந்துவிட்டோம். ரிவோல்வர் போய்விட்டது, கையின் பழக்கம் போகவில்லை. பஸ்ஸில் யாராவது இடித்தால், சுப்பர்வைசர் குரலை உயர்த்தினால், என் வலது கை தானாகவே இடுப்புக்குப் போகும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தொட்டிலில் பழகியதும் அல்ல, முப்பது வயதுக்குப் பிறகு பழகியது. ஆனாலும் போகவில்லை. உன் அம்மா அதைக் கண்டுவிட்டு, "என்ன, இடுப்புப் பிடிப்போ?" என்று எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாள்.

இனி மரியதாஸின் கதை. உனக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மன்னார்க்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளமை, மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் வீதிக்குப் பக்கத்து காஸ் ஸ்டேஷனில் என்னோடு வேலை செய்தவர். நீயும் அவரும் ஐஸ் ஹொக்கி பார்த்துக் கத்துகிற கத்தில் பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டியிருக்கிறான். ஆட்கள் வராத நேரத்தில் நான் அவருக்கு என் ரிவோல்வர் வீரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன். கிளிநொச்சிக் கதையில் பல் உடைந்ததை மட்டும் விட்டுவிட்டு, மற்றதெல்லாம். "அண்ணை, உந்தக் கதை இந்தக் கிழமை நாலாந்தரம்" என்பார் தாஸ். "நீங்கள் இடுப்பில கையை வைக்கிற விதத்தைப் பாத்தா எனக்கே பயமாக் கிடக்கு" என்று என்னைப் போலவே செய்து காட்டிச் சிரிப்பார்.

அது மாசி மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தாஸ் காசுப்பெட்டியில் நின்றார். நான் நடுவில் நின்று, கார்க் கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பெடியன்கள் உள்ளே வந்தார்கள், முகத்தைச் சால்வையால் சுற்றியிருந்தார்கள். உன்னைவிட வயது கூட இருக்காது. ஒருவன் கையில் பிஸ்டல். அவன் கை நடுங்கியது, அதை நான் கண்டேன். நடுங்குகிற கையில் இருக்கிற பிஸ்டல்தான் ஆபத்தானது என்றும் எனக்குத் தெரியும், அதைத்தானே பத்து வருடம் படித்தேன். தாஸ் கொஞ்சமும் பதறவில்லை. பெட்டியைத் திறந்து முழுவதையும் அள்ளி வைத்து, "ரேக் இற், ரேக் இற், மை ஃப்ரெண்ட், நோ ப்ரொப்ளம்" என்று சாமான் விற்கிற குரலில் சொன்னார். மற்றவன் அள்ளிப் பையில் போட்டான். இரண்டு பேரும் கதவுப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அதை நீ நன்றாக வாசி, தம்பி. அவர்கள் திரும்பிவிட்டார்கள். இன்னும் நான்கு எட்டு வைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நாங்கள் பொலிசைக் கூப்பிட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு நடுங்கியிருப்போம்.

போகிற போக்கில் பிஸ்டல்காரன் என்னைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், என் நிறத்தைச் சேர்த்து. என் வலது கை ஜக்கற்றுக்குள் இடுப்புக்குப் போனது. நான் கையைப் போட்டேன் என்று எழுத விருப்பமில்லை, ஆனால் வேறு யார் போட்டது? அங்கே ரிவோல்வர் இல்லை, கடைக் கதவின் திறப்புக் கோர்வை மட்டும் தொங்கியது. அதைத் தாஸ் கண்டுவிட்டார். என் கதையை நூறு தரம் கேட்ட மனிதருக்கு அந்தக் கை எங்கே போகிறது என்று தெரியும், அங்கே ஒன்றும் இல்லை என்றும் தெரியும். "அண்ணை, வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு என்னைத் தடுக்கக் குறுக்கே பாய்ந்தார். அந்தப் பெடியனும் கண்டான். அவன் சுட்டது எனக்கு. பட்டது தாஸின் கழுத்தில்.

சின்னக் கடைக்குள் வெடிச் சத்தம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். காது அடைத்துப்போனது. தாஸ் விழவில்லை, களைத்துப்போனவர் போல மெல்லத் தரையில் உட்கார்ந்தார். கழுத்தின் ஓரத்திலிருந்து இரத்தம் பீறிட்டு, லொத்தர் ரிக்கெற் வைத்திருந்த கண்ணாடியில் அடித்தது. நான் முழங்காலில் விழுந்து என் உள்ளங்கையை அந்த ஓட்டையில் அழுத்தினேன். சூடாக, விரல்களுக்கு நடுவால் வந்துகொண்டே இருந்தது. இடது கையையும் வைத்தேன். அதற்குள்ளாலும் வந்தது. அவருடைய வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. பிஸ்டல்காரன் ஓடவில்லை. அதே இடத்தில் நின்று, ஏன் இடுப்புக்குக் கை போட்டாய், ஏன் போட்டாய் என்று ஆங்கிலத்தில் அழுதுகொண்டே என்னைக் கேட்டான். மற்றவன்தான் அவனை இழுத்துக்கொண்டு போனான். அம்புலன்ஸ் வர முன்னமே தாஸின் கண் நிலைகுத்திவிட்டது. பத்து வருடம் ஆமி, பன்னிரண்டு வருடம் ரிவோல்வர், ஒரு மனிதரையும் நான் சுட்டதில்லை. கையில் ஒன்றுமில்லாமல் நின்ற அன்றைக்குத்தான் என்னால் ஒருவர் செத்தார்.

பொலிஸ் கேட்டது, நீங்கள் யாராவது அசைந்தீர்களா என்று. இல்லை என்றேன். கமரா காசுப்பெட்டியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பெடியன் பிடிபட்டான். கோர்ட்டில் அவன், அந்த மனிதர் எதையோ எடுக்கப் போனார், நான் பயந்துவிட்டேன் என்றான். நான் சத்தியம் செய்துவிட்டு, கையில் போத்தல் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னேன். கொலைகாரன் அவன்தான், பிஸ்டலோடு வந்தவன் அவன்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவன் அந்த மன்றில் சொன்ன ஒரேயொரு உண்மையை நான் பொய்யாக்கினேன். வருகிற கிழமை ஒரு லோயரைப் பார்க்கப் போகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ சிரித்தாலும் பரவாயில்லை. என்ன வந்தாலும் வரட்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய பிழையை உனக்குத்தான் செய்தேன். செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய். இருபத்தொரு வயது உனக்கு. "அண்டைக்கு உங்களிட்டை ஒரு துவக்கு இருந்திருந்தா தாஸ் அங்கிள் உயிரோட இருந்திருப்பார், என்னப்பா?" என்றாய். எனக்கு அது ஒரு மரியாதை மாதிரி இருந்தது. என் மகன் என்னைப் பற்றி அப்படி நினைக்கிறானே என்று இருந்தது. நான் ஓம் என்றேன். அந்த ஒரு சொல்லை நீ பிடித்துக்கொண்டாய். சுபாவைக் கட்டி அமெரிக்காவுக்குப் போய், க்ரீன் கார்ட் கிடைத்த கையோடு ஆமியில் சேர்ந்தபோது, "அப்பா மாதிரி" என்று எல்லோருக்கும் சொன்னாயாம். உன் அம்மா அழுதாள், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோயிலில் அர்ச்சனை செய்தேன். இன்றைக்கு நீ கேட்கிற பேப்பர் அந்த ஓமில் இருந்து வந்தது. உனக்கு என்னைப்போலவே கோபம் வரும். கார் ஓடும்போது முன்னால் யாராவது வெட்டினால் உன் கழுத்து நரம்பு புடைப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்த லைசென்ஸ் ஒப்பீசில் உன்னை இதெல்லாம் கேட்க மாட்டார்கள். பேப்பரைப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், உனக்குப் பெருமையாக இருக்கும்.

உனக்கு எழுத முன், சொல்ல வேண்டிய முதல் ஆளிடம் சொல்ல வேண்டும் என்று கடந்த ஞாயிறு விட்பிக்குப் போனேன். தாஸின் மனைவி றெஜினா இப்போது தமையன் குடும்பத்தோடு அங்கேதான் இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள், மூத்தவள் தாஸை உரித்து வைத்த மாதிரி. பூசை முடிந்து வந்த உடுப்போடு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகளை மேலே போகச் சொல்லுங்கோ என்றேன். பிறகு இந்தக் கடிதத்தில் இருப்பதை எல்லாம் சொன்னேன். கை போனது, தாஸ் குறுக்கே பாய்ந்தது, பொலிஸ், கோர்ட், எல்லாம். றெஜினா கதிரையில் உட்காரவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் இருந்தது.

"அப்ப அவர் கடைசியாச் சொன்னது?" என்றார்.

"'அண்ணை, வேண்டாம்' எண்டு சொன்னவர், தங்கச்சி. அதுக்குப் பிறகு கதைக்கேல்லை."

"என்ரை பேரைச் சொல்லேல்லையோ?"

தம்பி, உனக்கு இதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் றெஜினா என் சட்டையைப் பிடித்து உலுக்கி, என்ன சொன்னவர், என்ன சொன்னவர் என்று கேட்டபோது, உன்ரை பேரைச் சொல்லித்தான் கண்ணை மூடினவர் என்று சொல்லிவிட்டேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். என் கையைப் பற்றி அவர் கேட்காமல் இருக்கட்டும் என்றும்தான். ஒவ்வொரு மாசியிலும் தமிழ்ப் பத்திரிகையில் தாஸின் படத்தோடு நினைவஞ்சலி வரும். 'இறுதி மூச்சிலும் என் பெயர் சொன்னவரே' என்று அதில் முதல் வரி. அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நான். றெஜினா கேட்டுத்தான் எழுதினேன். அது கண்ணாடிச் சட்டம் போட்டு அவருடைய தலைக்கு மேல் தொங்கியது.

"இல்லை" என்றேன்.

"பிள்ளையளின்ரை பேர்?"

"இல்லை, தங்கச்சி."

அவர் அந்தச் சட்டத்தைக் கழற்றி, படம் கீழே இருக்கும்படி மேசையில் வைத்தார். மேலே பிள்ளைகளின் ரீவிச் சத்தம் கேட்டது. ஏன் இப்போது வந்து சொல்கிறீர்கள் என்று கேட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன், பேப்பரைப் பற்றிச் சொன்னேன், சுபா பிள்ளைத்தாய்ச்சி என்பதைச் சொன்னேன். கதவைத் திறந்துவிட்டு, நான் சப்பாத்துப் போட்டு முடியும்வரை நின்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் உனக்கு எழுதுகிறேன்.

"அவனுக்கும் எழுதுங்கோ அண்ணை. ஒண்டையும் விடாமல் எழுதுங்கோ. நாளைக்கு ஒருத்தன் இரத்தக் கையோட சுபாவிட்டை வந்து, உன்ரை பேரைச் சொல்லித்தான் உன்ரை மனுசன் செத்தவன் எண்டு சொல்லக்கூடாது. அவள் அதை நம்பிப்போடுவாள். நான் நம்பினனான்தானே."

அப்பா